குருதியின் பெயர் பூண்ட கருங்கல்

மெருகேறிய எஃகினைப் போல் கருமையாய் ஒளிரும் ஹேமடைட் மணிக்கு இரத்தத்தின் பெயர் எவ்விதம் வாய்த்தது என்று வியப்பவர், அதனை மெருகிடாத பீங்கான் ஓட்டின்மேல் அழுத்தி இழுத்துப் பார்ப்பாராயின், செம்பழுப்புக் கீற்றொன்று விழக் கண்டு விடையைத் தாமே உணர்வார். சாணை பிடிக்கும் பட்டறையிலோ, கல்லின்மேல் வார்க்கும் நீர் முழுவதுமே சிவந்து வடியும்.

இரத்தத்தைக் குறிக்கும் ‘ஹைமா’ என்னும் கிரேக்கச் சொல்லே இப்பெயருக்கு மூலம். பொன்னைக் குறிக்கும் ஸம்ஸ்கிருத ‘ஹேமம்’ நம் செவிக்கு முந்தி வந்து நின்றாலும், இரண்டுக்கும் யாதோர் உறவும் இல்லை. அரிஸ்டாட்டிலுக்குப் பின் அவரது கல்விக்கழகத்துக்குத் தலைமை பூண்ட தியோபிராஸ்டஸ், கற்களைப் பற்றிய தம் நூலில், உறைந்த உதிரம் போன்ற அதன் தோற்றத்தையே பெயருக்குக் காரணமாகக் காட்டினார். நம் காவிக்குச் செந்நிறம் அளிப்பதும் ஹேமடைட் என்னும் இதே இரும்பு ஆக்ஸைடுதான். நுண்பொடியாய் இருக்கையில் சிவப்பாகவும், இறுகித் திரண்ட நிலையில் உலோகக் கருமையாகவும் அது தோன்றுகிறது.

ஆயினும் கிரேக்கர் பெயரிடுவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே பாபிலோனியர் இக்கல்லை ஆபரணமாக அறிந்திருந்தனர். கி.மு. 2000-க்கும் 1600-க்கும் இடைப்பட்ட காலத்தில், நெடுகத் துளையிட்டு உடலில் அணியும் உருளை முத்திரைகளை அவர்கள் இதில் பெருவாரியாகக் கடைந்தார்கள். இறுகிய அதன் நுண்ணிய அமைப்பு, விரலளவுப் பரப்பிலே தெய்வங்களையும் எழுத்துக்களையும் சிதையாமல் செதுக்க இடம் தந்தது. ஸ்படிகத்தைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு கனமுடைய இக்கல்லை அவர்கள் எடைக்கற்களுக்கும் தேர்ந்தது எத்துணைப் பொருத்தம்! கையில் ஏந்தியவுடன் உணரும் அந்தக் கனமே, நிறத்தினும் ஒளியினும் மேலாக, இதன் வசீகரம் என்பது என் துணிபு.

மித்ரிடாட்டீஸ் மன்னனுக்கு நூல் சமர்ப்பித்த பாபிலோனிய ஸக்காலியாஸ், கண்ணோய்க்கும் வழக்குகளுக்கும் இக்கல் நன்மை தரும் என்று கூறியதாக ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதுகிறார்.

ஜெர்மானியர் இன்றும் இதனையே ‘புளூட்ஸ்டைன்’, அதாவது இரத்தக்கல், என்பர். ஆங்கிலத்திலோ அதே பொருளுடைய ‘பிளட்ஸ்டோன்’, செம்புள்ளி தெறித்த பச்சைக் கல்லொன்றுக்கு உரிமையாகிவிட்டது. சந்தையில் ‘காந்த ஹேமடைட்’ என விற்பவை பெரும்பாலும் ஆலையில் செய்த ஃபெரைட் என்னும் காந்தப்பொருளின் மணிகளே. இயற்கைக் கல் காந்தத்துக்கு மிகச் சொற்பமாகவே இசையுமாதலால், ஒன்றையொன்று பற்றியிழுக்கும் மணிச்சரத்தை வாங்குவோர் ஐயுறுவதே முறை.