தீயணைப்பு வண்டி நுழையாத தெரு: நகராட்சியின் பொறுப்பு எதுவரை?

சேரியில் குடிசைகள் எரியும்போது நகராட்சியும் பேரூராட்சியும் ஒரே விடையைத் தருகின்றன: "தீயணைப்பு எங்கள் துறை அன்று." இவ்விடை சட்டப்படி பாதி உண்மை மட்டுமே.

1992ஆம் ஆண்டின் 74ஆவது திருத்தம் அரசமைப்பில் 12ஆவது அட்டவணையைச் சேர்த்தது. நகர்ப்புற உள்ளாட்சிகளிடம் மாநில அரசு ஒப்படைக்கத்தக்க 18 பணிகள் அதில் உள்ளன. அவற்றுள் ஏழாவது தீயணைப்பு. ஆயினும் ஒப்படைப்பது மாநிலத்தின் விருப்பத்திற்கு விடப்பட்டுள்ளது. தமிழ்நாட்டில் தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறை மாநில உள்துறையின் கீழேயே இயங்குகிறது. 1985ஆம் ஆண்டுச் சட்டம் அதனை நெறிப்படுத்துகிறது. எனவே தீயணைப்பு நிலையம் நகர்மன்றத்தின் கட்டுப்பாட்டில் இல்லை.

மறுபாதி அதே அட்டவணையில் உள்ளது. நான்காவது பணி சாலை, ஐந்தாவது குடிநீர் வழங்கல், பத்தாவது குடிசைப் பகுதி மேம்பாடு. நகரங்களில் தீயணைப்பு வண்டி 5 முதல் 7 நிமிடங்களுக்குள் வந்து சேர வேண்டும் என்பது தேசிய அளவில் பரிந்துரைக்கப்பட்ட நெறி. ஏறத்தாழ இரண்டரை மீட்டர் அகலமுள்ள வண்டி குறித்த நேரத்தில் முதன்மைச் சாலையை அடைந்தாலும், சேரித் தெரு அதைவிடக் குறுகலாயின் அங்கேயே நின்றுவிடும். வண்டியின் தொட்டி வறண்டபின் நீர் நிரப்ப அருகில் வசதி இல்லையெனில் கூரைகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பற்றிக்கொள்ளும். தெருவின் அகலத்தையும் நீர்த்தொட்டியின் இடத்தையும் முடிவு செய்வது நகர்மன்றத் தீர்மானமே. எந்த வார்டுக்கு நிதி, எந்த வார்டுக்கு இல்லை என்பதில் சாதி செயல்படுகிறது.

நமக்குத் தீ என்பது விபத்து மட்டுமன்று. 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டனர். 2012 நவம்பர் 7 அன்று தருமபுரி மாவட்டத்தில் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய குடியிருப்புகளில் 250க்கும் மேற்பட்ட வீடுகள் தாக்கி எரிக்கப்பட்டன. ஆகவே தீக்கான காரணம் எவ்வாறு பதிவாகிறது என்பது முக்கியம். பட்டியல் சாதியினர், பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பிரிவு 3(2)(4), இம்மக்களின் குடியிருப்பை அழிக்கும் நோக்குடன் தீவைப்பவருக்கு ஆயுள் தண்டனை விதிக்கிறது. எரிக்கப்பட்ட வீட்டிற்கு ஈடாக அரசுச் செலவில் செங்கல் அல்லது கல் வீடு கட்டித் தரப்பட வேண்டும் என இச்சட்டத்தின் விதிகள் கூறுகின்றன. "மின்கசிவு" என்று வழக்கு முடிக்கப்பட்டால் இவ்வுரிமைகள் யாவும் பறிபோகும்.

செயற்பாட்டாளர்களும் மாணவர்களும் செய்யக்கூடியவை மூன்று. முதலாவது, குடியிருப்பின் தெருக்களை அளந்து, வண்டி நுழையாத இடங்களையும் அருகிலுள்ள நீர்நிலையின் தொலைவையும் குறித்து வரைபடம் தயாரித்தல். இரண்டாவது, கடந்த ஐந்தாண்டுகளில் சாலைக்கும் குடிநீருக்கும் வார்டுவாரியாகச் செலவிட்ட தொகையைத் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005இன் கீழ்க் கேட்டல். 30 நாட்களுக்குள் விடை தர வேண்டும். மூன்றாவது, இவ்விரண்டையும் இணைத்து வார்டு உறுப்பினர் வழியாக நகர்மன்றத்தில் தீர்மானம் கோருதல். தீ நேர்ந்துவிட்டால் தீயணைப்பு அறிக்கையின் நகலை உடனே கோரிப் பெறுதல் வேண்டும். வழக்கில் அது முதன்மைச் சான்றுகளுள் ஒன்று.

வண்டியை அனுப்புவது மாநிலத்தின் கடமை. அது வந்து சேரும் வழியை அமைப்பது நகர்மன்றத்தின் கடமை. இரண்டையும் தனித்தனியே கேட்கும்வரை ஒருவர் மற்றவரைக் கைகாட்டித் தப்பித்துக்கொண்டே இருப்பர்.