கேப்டன் பாய்காட்டும் ஊர்விலக்கும்

வல்லவன் ஒருவனை எளியவர்கள் கூடி ஒதுக்கினாலும் சரி, எளியவன் ஒருவனை ஊரே கூடி ஒதுக்கினாலும் சரி, ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல்தான்: பாய்காட். சுதேசிக் காலத்துக் கதைகளைக் கேட்டு வளர்ந்த நமக்கு அது எளியவரின் ஆயுதமாகவே மனத்தில் பதிந்திருக்கிறது. அந்தச் சொல் பிறந்த ஊரின் வரலாற்றைக் கொஞ்சம் கிளறினால், ஆயுதம் தொடக்கத்திலேயே இரண்டு பக்கமும் வெட்டியது தெரியும்.

ஊர், அயர்லாந்தின் மேற்கே மேயோ மாவட்டத்தில் மாஸ்க் ஏரிக்கரை. அங்கே ஏர்ன் பிரபுவின் நிலங்களுக்குக் காரியஸ்தராக இருந்தவர் சார்லஸ் பாய்காட் என்ற ஆங்கிலேயர். பழைய பட்டாளத்துக்காரர், ஊராருக்குக் 'கேப்டன்'. 1879இல் விளைச்சல் பொய்த்தது. மறு ஆண்டு பிரபு குத்தகையில் 10 சதவீதம் தள்ளுபடி தர முன்வந்தார். குடியானவர்கள் 25 சதவீதம் கேட்டார்கள். 1880 செப்டம்பரில் பாக்கிக்காரர்களை வெளியேற்றும் நோட்டீசோடு அமீனா வீடு வீடாகப் போனபோது, பெண்கள் சேற்றையும் சாணியையும் வாரி அடித்தார்கள். அவர் ஓடிப்போய்ப் பாய்காட்டின் வீட்டுக்குள் புகுந்துகொண்டார். மறுநாளிலிருந்து முறை மாறியது. பண்ணையாட்கள் நின்றுவிட்டார்கள். கொல்லர் லாடம் அடிக்கவில்லை, சலவைக்காரி துணி எடுக்கவில்லை, தபால் கொண்டுவரும் பையன் வரவில்லை, பாலின்ரோப் கடைத்தெருவில் சாமான் தர ஆளில்லை. பாய்காட் லண்டன் 'டைம்ஸ்' பத்திரிகைக்குக் கடிதம் எழுதிப் புலம்பினார். அதைப் படித்துக் கொதித்த வடக்கத்திப் புராட்டஸ்டண்டுகள், நிலத்தில் கிடந்த கிழங்கைத் தோண்ட 50 பேரை அனுப்பிவைத்தார்கள். கிளேர்மாரிஸ் ரயிலடியில் இறங்கியவர்களுக்கு வண்டி பூட்ட ஒருவரும் முன்வரவில்லை. மழையில் நடந்தே போனார்கள். இந்த 50 பேரின் காவலுக்கு ஏறத்தாழ ஆயிரம் சிப்பாய்கள். சுமார் 500 பவுன் பெறுமான விளைச்சலைக் கரைசேர்க்க 10,000 பவுன் செலவு என்று அப்போதே கணக்குப் போட்டுச் சிரித்தார்கள். டிசம்பர் முதல் தேதி பாய்காட் அயர்லாந்தை விட்டே கிளம்பினார்.

அவர் பெயரை வினைச்சொல்லாக்கியவர் உள்ளூர்ப் பாதிரியார் ஜான் ஓ'மாலி என்று எழுதிவைத்திருக்கிறார் அமெரிக்க நிருபர் ஜேம்ஸ் ரெட்பாத். விலக்கிவைப்பதற்கு ஆங்கிலத்தில் ஏற்கனவே இருந்த கிரேக்கச் சொல் குடியானவர் வாயில் நுழையாது என்பது பாதிரியாரின் கவலை. புதுச் சொல்லோ சில வாரங்களில் லண்டன் பத்திரிகைகளைப் பிடித்தது. பின்னர் பிரெஞ்சு, ஜெர்மன் என்று பரவியது. இந்த இடத்தில்தான் கதை வழக்கமாக முடிக்கப்படுகிறது. ஆனால் இதற்கெல்லாம் வழிகாட்டிய பேச்சு, அமீனா அடிபடுவதற்குச் சில நாட்களுக்கு முன், செப்டம்பர் 19 அன்று எனிஸ் நகரில் ஐரிஷ் தலைவர் பார்னெல் பேசியது. தெருவிலும் கடையிலும் தேவாலயத்திலும் தனியே விடுங்கள், பழங்காலத்தில் தொழுநோயாளியை விலக்கியதைப் போல விலக்குங்கள் என்று அவர் சொன்னது பண்ணையாரைப் பற்றி அல்ல. வெளியேற்றப்பட்டவனின் நிலத்தைக் குத்தகைக்கு எடுக்கும் இன்னொரு குடியானவனைப் பற்றி. நம்மூர்த் தொழிற்சங்கக்காரர்கள் 'கருங்காலி' என்பார்களே, அந்த ஆள்.

கருங்காலியை ஒதுக்காமல் எந்தப் போராட்டம் நிற்கும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி, அந்தக் கட்டுப்பாடு இல்லையென்றால் மேயோவில் அறுவடைக்கு வடக்கிலிருந்து ஆள் வரவேண்டிய தேவையே இருந்திருக்காது. ஆனால் கேப்டனைக் காக்கப் பட்டாளம் வந்தது. நிலம் எடுத்த ஏழைக் குடியானவனுக்கு அப்படி யார் வருவார்? கொல்லரும் தபால் பையனும்கூட முழு மனத்தோடு மறுத்தார்கள் என்று சொல்ல முடியாது, மிரட்டலும் இருந்தது. செயல் ஒன்றே என்றாலும் படுகிறவரின் முதுகுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்து அதன் கனம் மாறுகிறது. வழக்கம் பழையதுதானே, பெயர்தானே புதிது என்பது இன்னொரு வாதம். உண்மை. அடிமை உழைப்பில் விளைந்த சர்க்கரையை 1791 முதலே பிரிட்டிஷ் வீடுகள் பல மறுத்தன. அது சந்தையில் நடந்த மறுப்பு. ஒரு மனிதருக்கு நெருப்பும் நீரும் மறுப்பது வேறு. புதுப் பெயர் இரண்டையும் ஒரே கூரையின் கீழ் கொண்டுவந்துவிட்டது.

இந்தியாவுக்கு வந்தபோது அந்தக் கலப்பு இன்னும் கூடியது. 1905 ஆகஸ்ட் 7 அன்று கல்கத்தா டவுன் ஹாலில் அந்நியப் பொருளை மறுக்கும் தீர்மானம் நிறைவேறியது. தமிழில் அதைப் பகிஷ்காரம் என்றோம். யாழ்ப்பாணத்தில் 1931 அரசாங்க சபைத் தேர்தலில் வடக்கின் 4 தொகுதிகளுக்கு ஒருவரும் மனுத் தாக்கல் செய்யாமல் இருந்ததும் பகிஷ்கரிப்புத்தான். அதே வடமொழி வேரிலிருந்து அம்பேத்கர் 1927இல் தம் பத்திரிகைக்கு 'பகிஷ்கிருத பாரத்' என்று பெயர் வைத்தார்: விலக்கப்பட்டவர்களின் பாரதம். காங்கிரஸ்காரருக்குப் பெருமையாக இருந்த செயல், சேரிக்காரருக்குத் தலைமுறை தலைமுறையாக விழுந்த அடி. கிணறும் கூலிவேலையும் கடைச் சாமானும் மறுக்கப்படுவது எப்படி இருக்கும் என்று அவர்களுக்கு யாரும் அயர்லாந்திலிருந்து வந்து சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீதான வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015ஆம் ஆண்டுத் திருத்தம் சமூக, பொருளாதாரப் பாய்காட்டைக் குற்றமாக்கியபோது, இந்த மக்களுக்கு எதிராக என்று விதியிலேயே எழுதிவைத்தது. மகாராஷ்டிரம் 2016இல் இயற்றிய தனிச் சட்டம், சாதிப் பஞ்சாயத்தைக் கூட்டி யாரையும் ஒதுக்கிவைப்பவர்களுக்கு 3 ஆண்டு வரை சிறை அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்கிறது.