கிரிஸ்பர்: பெயரும் பொருளும்

கிரிஸ்பர் என்றால் மரபணுவை வெட்டும் கத்தரிக்கோல் என்றே எழுதுகிறோம். பெயரைப் பிரித்துப் பார்த்தால் வெட்டுவதற்கு உரிய சொல் ஒன்றுகூட அதில் இல்லை.

முதலில் அதற்குப் பெயரே இல்லை. 1987இல் ஜப்பானின் ஒசாகா பல்கலைக்கழகத்தில் யோஷிசுமி இஷினோ குழுவினர் ஈ.கோலை பாக்டீரியாவின் மரபணு ஒன்றை ஆராய்ந்தபோது, அதன் அருகே 29 எழுத்துள்ள டிஎன்ஏ தொடர் ஐந்து முறை வருவதைக் கண்டார்கள். நடுநடுவே 32 எழுத்து இடைவெளி. இதற்கு என்ன பயன் என்று அப்போது விளங்கவில்லை.

ஸ்பெயினின் சாந்தா போலா உப்பளத்து நுண்ணுயிரில் இதே அமைப்பைக் கண்ட பிரான்சிஸ்கோ மொஹிகா அதை 'எஸ்ஆர்எஸ்ஆர்' என்றார். நெதர்லாந்தின் ரூட் யான்சன் 'ஸ்பைடர்' என்றார். ஒரே பொருள் பல பெயரில் உலவியது. 2001இல் இருவரும் மின்னஞ்சலில் பேசி, மொஹிகா முன்வைத்த 'கிரிஸ்பர்' என்ற பெயருக்கு உடன்பட்டார்கள். 2002இல் யான்சன் குழுவின் கட்டுரையில் அது அச்சேறியது.

ஆங்கில முதலெழுத்துகளால் ஆன அந்தப் பெயரைத் தமிழில் விரித்தால், 'கொத்தாக, சீரான இடைவெளியில் வரும் குறுகிய மாலைமாற்று மீள்தொடர்கள்' என்றாகும். மாலைமாற்று நமக்குப் பழகியது. 'விகடகவி'யை எந்தப் பக்கமிருந்து படித்தாலும் விகடகவிதான். டிஎன்ஏவில் விதி சற்று வேறு. ஏ-க்கு எதிரே டி, ஜி-க்கு எதிரே சி நிற்கும். ஜி-ஏ-ஏ-டி-டி-சி என்ற இழைக்கு எதிரிழை சி-டி-டி-ஏ-ஏ-ஜி. அதைக் கடைசியிலிருந்து படித்தால் மறுபடி முதல் தொடரே வரும். எல்லாக் கிரிஸ்பர் தொடரும் இவ்வளவு கச்சிதமாகப் பொருந்துவதில்லை.

பெயர் மீள்தொடர்களைச் சொன்னது. பொருளோ இடைவெளியில் இருந்தது. அந்த இடைவெளி எழுத்துகளில் சில, பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ்களின் துணுக்குகளோடு ஒத்துப்போவதை மொஹிகா 2005இல் வெளியிட்டார். வந்த பகையை மறக்காமல் இருக்க பாக்டீரியா வைத்திருக்கும் பதிவேடு அது. வெட்டுவது 'காஸ்' புரதங்களின் வேலை. அந்தப் பெயருக்கும் 'கிரிஸ்பரைச் சார்ந்தது' என்பதுதான் பொருள். காஸ்9 புரதத்தை வேண்டிய இடத்தில் வெட்டவைக்கலாம் என்று எமானுவேல் ஷார்பென்டியேவும் ஜெனிபர் டௌட்னாவும் 2012இல் காட்டினார்கள். 2020இல் வேதியியல் நோபல் பெற்றார்கள். பாக்டீரியாவின் பதிவேட்டுப் பெயர் அப்படித்தான் மனிதரின் கருவிக்குப் பெயரானது. 2023இல் அரிவாள் செல் சோகைக்கான முதல் கிரிஸ்பர் சிகிச்சைக்குப் பிரிட்டன் அனுமதி தந்தது.

கிரிஸ்பர் என்ற பெயர் தமிழிலும் அப்படியே இருக்கட்டும். அது செய்யும் வேலையை மட்டும் 'மரபணுத் திருத்தம்' என்று எழுதுவோம். பிழை திருத்துகிறோம், நிலம் திருத்துகிறோம். உள்ளதைச் சீராக்குவதே திருத்தம். வேற்றுயிரின் மரபணுவைப் புகுத்திய பிடி பருத்திக்கு 'மரபணு மாற்றம்' பொருந்தும். 2025இல் இந்தியா அறிவித்த இரண்டு நெல் ரகங்களோ வெளி மரபணு சேர்க்காமல் திருத்தப்பட்டவை. இரண்டுக்கும் ஒரே சொல்லை எழுதி உழவரைக் குழப்ப வேண்டாம்.