தாது வருஷம் எழுதிய பத்திரங்கள்

தமிழ்நாட்டுக் கிராமங்களின் நினைவில் நெடுங்காலம் தங்கிய பஞ்சம் தாது வருஷப் பஞ்சம். 1876இல் தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் அடுத்தடுத்துப் பொய்த்தன. 1877இன் கோடை மழையும் கைவிட்டது. சென்னை மாகாணத்தில் மட்டும் ஏறத்தாழ 35 லட்சம் பேர் மாண்டிருக்கலாம் என்பது பொதுவான மதிப்பீடு. 1871, 1881 மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளை ஒப்பிட்டால், சேலம் மாவட்டம் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு மக்களை இழந்திருந்தது. பக்கத்து மைசூர் சமஸ்தானத்தின் நிலையும் ஏறக்குறைய அதுவே. இவ்வளவு நடந்தும் ஆட்சியை அசைக்கும் கிளர்ச்சி எதுவும் இங்கே மூளவில்லை. சந்தைகளில் தானிய மூட்டைகள் சூறையாடப்பட்டன, அதோடு சரி. பருவநிலை கெட்டால் அரசுகள் ஆட்டம் காணும், சமூகங்கள் குலையும் என்று இன்று எச்சரிப்பவர்களுக்கு இது எதிர்ச்சாட்சி போலத் தோன்றும். கேள்வியை ஓரிரு ஆண்டுகளுக்குள் அடைத்துக் கேட்பதால் வரும் மயக்கம் அது. பட்டினி கிடப்பவனுக்குக் கலகம் செய்யத் தெம்பிருக்காது. அவன் கிடைத்த காகிதத்தில் கைநாட்டு வைப்பான். அவனை ஆள்பவர்களும் அடுத்த பஞ்சத்துக்கு அஞ்சி அவசரமாக ஒப்பந்தங்கள் போடுவார்கள். தாது வருஷத்தின் கொந்தளிப்பு அப்படி எழுதப்பட்ட பத்திரங்களுக்குள் பதுங்கியிருந்து, பேரன் பேத்திகள் காலத்தில்தான் வெளிப்பட்டது.

முதலில் ஓர் ஆட்சேபத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். அந்தச் சாவுகளுக்குக் காரணம் வானமா, வெள்ளைக்கார அரசா? பசிபிக் கடல் வெப்பமேறும் எல் நினோ, பதிவான வரலாற்றிலேயே மிக வலுவாக அமைந்த ஆண்டுகளில் 1877–78 ஒன்று. அதே ஆண்டுகளில் வட சீனாவில் மழையில்லாமல் 90 லட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பிரேசிலின் செயாரா மாநிலம் காய்ந்து, அங்கிருந்து பிழைக்கப் போனவர்கள் அமேசான் ரப்பர் காடுகளில் கூலிகளானார்கள். ஆகவே வானத்தின் பங்கை மறுக்க முடியாது. ஆனால் 1873–74இல் பிகாரில் மழை தவறியபோது பர்மா அரிசியை இறக்குமதி செய்து பெருஞ்சாவைத் தடுத்தவர் ரிச்சர்ட் டெம்பிள். அளவுக்கு மீறிச் செலவழித்தார் என்று கண்டனத்துக்கு ஆளான அவரையே 1877இல் வைஸ்ராய் லிட்டன் சென்னைக்கு அனுப்பினார். பழைய பழியைத் துடைக்க வந்தவர்போல, நிவாரண வேலை செய்பவருக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியம், அதாவது அரைக் கிலோவுக்கும் குறைவு, அதோடு கொஞ்சம் சில்லறை என்று கூலியைக் குறைத்தார். உடலுழைப்பவருக்கு இது போதாது என்று சென்னையின் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ் புள்ளிவிவரங்களோடு வாதாடினார். ஒரே அதிகாரி, மூன்றாண்டு இடைவெளி, நேரெதிர் விளைவு. விளைச்சல் எவ்வளவு குறையும் என்பதை மழை தீர்மானித்தது. யார் சாவது என்பதை அரசும் சந்தையும் தீர்மானித்தன. நிலமற்ற கூலிகளும் நெசவாளர்களும்தான் முதலில் விழுந்தார்கள். அவர்களுக்குத் தானியம் கண்ணெதிரே இருந்தது, வாங்கக் காசில்லை. பருவநிலை தனியாக எந்தச் சமூகத்தையும் தாக்குவதில்லை. ஏற்கெனவே இருக்கும் ஏற்றத்தாழ்வின் வழியாகத்தான் உள்ளே நுழைகிறது. பின்வந்த அரசியலும் அந்த வழியில்தான் நடந்தது.

முதல் பத்திரத்தின் பெயர் துண்டு. இலங்கைக் காப்பித் தோட்டங்களுக்கு 1820களிலிருந்தே தமிழ்நாட்டு ஆட்கள் போய்வந்தார்கள். பஞ்சம் அந்தப் போக்கை வெள்ளமாக்கியது. 1877 ஒரே ஆண்டில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் கடல் கடந்தார்கள். மன்னாரில் இறங்கி மாத்தளை வரை காட்டுவழியே நடந்தவர்களில் பலர் காலராவுக்கும் பசிக்கும் பலியானார்கள். ஊரில் ஆள் சேர்க்கும் கங்காணி கொடுத்த முன்பணம், வழிச்செலவு, தோட்டத்துக் கடை பாக்கி எல்லாம் சேர்ந்து ஒரு கடனாகும். அந்தக் கடனைத் தீர்த்தால் ஆளை விடுவிக்கலாம் என்று தோட்டத்துரை எழுதிக்கொடுக்கும் சீட்டுதான் துண்டு. அடுத்த தோட்டம் கடனைக் கட்டி ஆளை எடுத்துக்கொள்ளும். கடன் மட்டும் ஆளோடு நடக்கும். 1921இல்தான் இந்த முறை தடைசெய்யப்பட்டது. 1880களில் இலைநோய் காப்பியை அழித்து, அந்த இடத்தில் தேயிலை வந்தபோது ஆண்டு முழுக்க ஆள் தேவைப்பட்டது. வந்தவர்கள் அங்கேயே குடும்பமானார்கள், ஆனால் குடிமக்கள் ஆகவில்லை. அவர்கள் எந்த நாட்டவர் என்று யாரும் எந்தக் காகிதத்திலும் எழுதிவைக்கவில்லை. 1947 தேர்தலில் அவர்கள் வாக்கு பலரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பியது. 1948இன் குடியுரிமைச் சட்டமும் அதையடுத்த தேர்தல் சட்டமும் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்டோரை நாடற்றவர்களாக, வாக்கற்றவர்களாக ஆக்கின. இந்தக் கேள்வியில்தான் தமிழ்க் காங்கிரஸ் பிளந்து, 1949 டிசம்பரில் செல்வநாயகத்தின் தமிழரசுக் கட்சி பிறந்தது. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்க்கலாம் என்று மனிதர்களைப் பங்கிட்டது. எஞ்சியவர்களின் நாடற்ற நிலையைத் தீர்க்க 2003இல் ஒரு சட்டம் தேவைப்பட்டது. தாது வருஷத்தில் கிளம்பியவரின் கொள்ளுப்பேரன்தான் அந்தச் சட்டத்தின் பயனாளி.

இரண்டாவதும் மூன்றாவதும் ஆறுகளைப் பற்றிய பத்திரங்கள். பெரியாற்று நீரை மேற்குத் தொடர்ச்சி மலைக்குக் கிழக்கே திருப்பும் யோசனை 1808இலேயே ஆராயப்பட்டு, நடவாத காரியம் என்று ஒதுக்கப்பட்டிருந்தது. மதுரைச் சீமை பஞ்சத்தில் வாடிய பிறகு அதே யோசனைக்கு உயிர் வந்தது. 1882இல் பொறியாளர் பென்னிகுவிக் திட்டம் தீட்டினார். தயங்கிய திருவிதாங்கூரைப் பல ஆண்டுகள் வற்புறுத்தி, 1886 அக்டோபர் 29 அன்று 999 ஆண்டுக் குத்தகை எழுதப்பட்டது; 1895இல் நீர் பாய்ந்தது. மைசூரின் கதை வேறு விதம். பஞ்சத்தால் கடனில் மூழ்கிய அந்தச் சமஸ்தானம் 1881இல் மன்னரிடம் திரும்ப ஒப்படைக்கப்பட்டதும், இன்னொரு பஞ்சத்தைத் தாங்கும் வகையில் பாசனத்தைப் பெருக்க முனைந்தது. காவிரியில் மேலே அணை கட்டினால் கீழே தஞ்சை காயும் என்று சென்னை மறித்தது. 1892இல் போட்ட உடன்படிக்கையின்படி, குறிப்பிட்ட ஆறுகளில் சென்னையைக் கேட்காமல் மைசூர் புதிய அணை கட்டக் கூடாது. அதே தகராறு வளர்ந்து 1924 ஒப்பந்தமாகி, கிருஷ்ணராஜ சாகருக்கும் மேட்டூருக்கும் வழிவிட்டது. தாது வருஷப் பஞ்சத்துக்குக் கேரளத்தோடும் கர்நாடகத்தோடும் நமக்குள்ள இரு பெரிய நீர்த் தகராறுகளிலும் பங்குண்டு என்பது அதிகம் பேசப்படாத செய்தி. இரண்டு பத்திரங்களையும் எழுதியவர்கள் பஞ்சம் கண்டு பயந்தவர்கள். பயந்தவர் எழுதும் பத்திரத்தில் இன்னொருவரின் எதிர்காலமும் அடகு போய்விடுகிறது.

பத்திரமாக எழுதப்படாத மாற்றங்களும் உண்டு. பக்கிங்காம் கால்வாயில் ஒரு பகுதியைப் பஞ்ச நிவாரண வேலையாக வெட்டினார்கள். ஒங்கோல் பக்கத்தில் அதில் ஒரு துண்டைக் குத்தகைக்கு எடுத்த பாப்டிஸ்ட் மிஷனரி ஜான் கிளவ், தாழ்த்தப்பட்ட சாதியினரான மாதிகர்களை வேலைக்கு வைத்தார். 1878 ஜூலை 3 அன்று ஒரே நாளில் 2,222 பேர் அங்கே ஞானஸ்நானம் பெற்றார்கள். கஞ்சிக்காக மதம் மாறினார்கள் என்று இதை எளிதில் தள்ளிவிடலாம். ஆனால் பஞ்சம் முடிந்த பிறகும் அவர்கள் திரும்பவில்லை. அடிமை வேலைக்குக் கூலியாகத் தானியம் அளந்துவந்த பழைய ஏற்பாடு ஆபத்துக் காலத்தில் கைவிட்டதும், அந்த ஏற்பாட்டுக்கான விசுவாசமும் போயிற்று. மேற்தட்டிலும் அதே முறிவு நேர்ந்தது. சென்னையில் பத்திரிகை ஆசிரியராகவும் பஞ்ச நிவாரண நிதியின் செயலாளராகவும் இருந்த வில்லியம் டிக்பி, 1878இல் அந்தப் பஞ்சத்தைப் பற்றி இரண்டு தொகுதிகள் எழுதினார். பிற்பாடு லண்டனில் இந்திய தேசியக் காங்கிரஸின் பிரிட்டிஷ் கமிட்டிக்கு உழைத்தவரும் அவரே. ஸ்ட்ராச்சி தலைமையிலான பஞ்ச ஆணையம் 1880இல் தந்த அறிக்கையிலிருந்து பஞ்ச விதித்தொகுப்புகள் பிறந்தன. மக்களைச் சாகவிடக் கூடாது என்பதை அரசின் கடமையாக அவை ஒப்புக்கொண்டதால், அந்தக் கடமை தவறும்போதெல்லாம் கேள்வி கேட்கும் உரிமையும் தேசியவாதிகள் கைக்கு வந்தது.

இப்படி எல்லாவற்றையும் ஒரு பஞ்சத்தின் தலையில் கட்டலாமா என்ற ஆட்சேபம் நியாயமானது. காப்பிக்கும் தேயிலைக்கும் முதலீடு இருந்தவரை பஞ்சமில்லாமலே ஆட்கள் போயிருப்பார்கள். 1948 சட்டத்தை இயற்றியது சிங்களப் பேரினவாத அரசியல், மழையில்லை. காவிரித் தகராறை மாநில மறுசீரமைப்பும் வாக்குக் கணக்கும் வளர்த்தன. இவை எல்லாமே உண்மைதான். பஞ்சம் இவற்றுக்கு ஒரே காரணம் என்று சொன்னால் வரலாறு கேலிக்கூத்தாகிவிடும். ஆனால் பஞ்சம் செய்த வேலையைப் பிரித்துப் பார்க்கலாம். தோட்ட முதலாளிக்கு ஆசை முன்பே இருந்தது. எந்த நிபந்தனைக்கும் இணங்கும் ஆட்களைப் பஞ்சம் தந்தது. பெரியாற்றுத் திட்டம் முன்பே இருந்தது. அதற்குப் பணம் ஒதுக்கவும் அண்டை அரசை நெருக்கவும் வேண்டிய அவசரத்தைப் பஞ்சம் தந்தது. சாதாரண காலத்தில் பேரம் பேசி, தள்ளிப்போட்டு, திருத்தி எழுதப்படும் நிபந்தனைகள் ஆபத்துக் காலத்தில் அப்படியே கையெழுத்தாகின்றன. பருவநிலை நெருக்கடியின் தனிப் பங்கு அதுதான்: பேரத்தில் ஒரு தரப்பின் கையைக் கட்டிவிடுவது. பின்னால் வரும் அரசியல்வாதிகள் அந்தக் கட்டை இறுக்குவதோ தளர்த்துவதோ அவர்கள் பொறுப்பு.

இன்னோர் ஆட்சேபம், காலம் மாறிவிட்டது என்பது. 2016இல் தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை 60 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது. தாது வருஷச் சாவுகள் திரும்பவில்லை. ரேஷன் கடை அரிசியும் ஊரக வேலைத்திட்டமும் காத்தன. இதைப் பெரிய சாதனையாகவே கொள்ள வேண்டும். டெம்பிளின் கூலிக்கும் இலவச அரிசிக்கும் நடுவே இருப்பது ஒரு ஜனநாயகம். ஆனால் அதே 2016 செப்டம்பரில், காவிரியில் நீர் திறக்கும்படி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டபோது, பெங்களூரில் தமிழ்நாட்டுப் பேருந்துகளும் லாரிகளும் கொளுத்தப்பட்டன. அடுத்த ஆண்டு தமிழக விவசாயிகள் மண்டையோடுகளோடு டெல்லி ஜந்தர் மந்தரில் உட்கார்ந்தார்கள். சோறு கிடைப்பதால் பருவநிலையின் அரசியல் அடங்கிவிடாது. சாவு தவிர்க்கப்பட்ட இடத்தில் பங்கீடு என்ற கேள்வி முன்னுக்கு வருகிறது. மழை நன்றாகப் பெய்யும் ஆண்டுகளில் காவிரியும் முல்லைப் பெரியாறும் கோப்புகளில் உறங்குகின்றன. மழை தவறினாலோ அளவுக்கு மீறிக் கொட்டினாலோ உடனே தெருவுக்கு வருகின்றன. புவி வெப்பமடைவது இந்த இரண்டு விதமான ஆண்டுகளையும் அடிக்கடி கொண்டுவரும் என்பதே அறிவியலாளர்களின் கணிப்பு.

அந்தப் பத்திரங்கள் தீயவை என்று முடிவுகட்டுவதும் தவறு. பெரியாற்று நீர் இல்லையென்றால் கம்பம் பள்ளத்தாக்கும் மேலூரும் இன்றைய நிலையில் இருந்திருக்காது. கடல் கடந்திராவிட்டால் பலர் ஊரிலேயே பட்டினியால் செத்திருப்பார்கள். உயிர் காத்த ஏற்பாடுகள்தான் அவை. குறை வேறு இடத்தில் இருந்தது. 1886 குத்தகைக்கு 999 ஆண்டு ஆயுள் தந்தவர்கள், அணை முதுமையடையும்போது யார் என்ன செய்வது என்று யோசிக்கவில்லை. அடுத்த வறட்சியில் இருக்கும் கொஞ்ச நீரை எப்படிப் பங்கிடுவது என்பதை வறட்சியிலிருந்து பிறந்த 1892 உடன்படிக்கை சொல்லவில்லை. பற்றாக்குறைக் காலப் பங்கீடு இன்றும் தீராத வழக்காக இருப்பதற்கு அந்த மௌனமும் ஒரு காரணம். துண்டுச் சீட்டு கடனை எழுதியது, கடன்பட்டவரின் குழந்தைகளுக்கு எந்த நாட்டில் என்ன உரிமை என்று எழுதவில்லை. மூன்றுமே அப்போதைய ஆபத்தைத் தீர்த்தன; திறந்து திருத்தும் வழியை மட்டும் அடைத்துவிட்டன.

பருவநிலை மாற்றத்துக்கு ஈடுகொடுக்க இன்று நாம் அவசரமாகச் செய்யும் ஏற்பாடுகளையும் இந்த அளவுகோலால் அளக்க வேண்டும். கடலரிப்பால் இடம்பெயரும் மீனவர் குடியிருப்புக்கு எந்தப் பட்டா தருகிறோம், வடமாநிலங்களிலிருந்து பிழைப்புக்கு இங்கே வரும் தொழிலாளியின் குழந்தைக்கு எந்த ஊரில் பள்ளி, எந்த ஊரில் வாக்கு, நதிநீர் தீர்ப்பில் மழை குறைந்த ஆண்டுக்கான கணக்கு தெளிவாக இருக்கிறதா, இத்தனை ஆண்டுக்கு ஒருமுறை மறுபடி உட்கார்ந்து பேசலாம் என்ற விதி உண்டா என்பவை இன்றைய கேள்விகள். இவை வறட்சி வந்த பிறகு கேட்க வேண்டியவையும் அல்ல. பேரம் பேசத் தெம்பிருக்கும் நல்ல மழை ஆண்டுகளில் கேட்டு எழுதிவைக்க வேண்டியவை. பயந்துபோன ஒரு தலைமுறையின் கையெழுத்துக்கு அடுத்த நான்கு தலைமுறைகள் விலை கொடுத்ததைத் தாது வருஷம் காட்டுகிறது. நம் ஒப்பந்தங்களில் பிறக்காதவர்களுக்குக் கையெழுத்துப் போட இடமில்லை; திருத்தி எழுத இடம் விட முடியும்.