தேயிலைத் தூரும் வானவில்லின் அடியும்

நுவரெலியா நகருக்குச் செல்வோர் கிரகரி வாவியையும் அதனை அடுத்துள்ள குதிரைப் பந்தயத் திடலையும் காணாது திரும்புதல் அரிது. வாவிக்குப் பெயர் தந்தவர் 1872 முதல் 1877 வரை இலங்கையின் தேசாதிபதியாக இருந்த சேர் வில்லியம் கிரகரி. அயர்லாந்தின் கோல்வேப் பகுதி நிலப்பிரபுவான அவர், குதிரைப் பந்தயத்தில் பெருஞ்செல்வத்தை இழந்தவருமாவார். பந்தயக் கடன் காரணமாக 1857இல் பரம்பரை நிலத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை அவர் விற்க நேர்ந்தது. ஆயினும் பாராளுமன்ற ஆசனமும் பின்னர் தேசாதிபதிப் பதவியும் அவருக்குக் கிட்டின. சூதில் தோற்ற பிரபுவுக்கு வேறு வாசல்கள் திறந்தேயிருந்தன.

அவரே 1847இல், உருளைக்கிழங்குப் பஞ்சத்தால் அயர்லாந்து துடித்த வேளையில், கால் ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தை வைத்திருப்போர் அதனைக் கைவிட்டாலன்றி நிவாரணம் பெறலாகாது என்னும் விதியைச் சட்டத்திற் புகுத்தியவர். அப்பஞ்சத்தில் சுமார் பத்து இலட்சம் பேர் மடிந்தனர். ஏறத்தாழ அதேயளவினர் கடல் கடந்தனர். 1876-78ஆம் ஆண்டுகளில் சென்னை மாகாணத்தைப் பஞ்சம் வாட்டியபோது மலையகத் தோட்டங்களை நோக்கி வந்த நம் முன்னோரின் நிலையும் இதற்கு வேறானதன்று.

பசித்தவரிடையே புதையற் கதைகள் வழங்குதல் இயல்பே. வானவில்லின் அடியில் ஒரு குடம் பொன் உண்டென்றும், செருப்புத் தைக்கும் 'லெப்ரகோன்' என்னும் குள்ளன் அதனைக் காக்கின்றான் என்றும் ஐரிஷ் மரபில் ஒரு கதை வழங்குகிறது. குள்ளனைப் பிடித்தாலும் கண்ணிமைக்கும் பொழுதில் அவன் மறைந்துவிடுவான். 1880இல் கிரகரியை மணந்த அகஸ்டா அம்மையார் பிற்காலத்தில் மேற்கு அயர்லாந்தின் நாட்டார் நம்பிக்கைகளைத் தொகுத்துப் புகழ் பெற்றார் என்பது வரலாற்றின் வேடிக்கைகளுள் ஒன்று.

மலையகத்தாருக்கும் இத்தகைய கதையொன்று உண்டு. தேயிலைத் தூரைத் தோண்டினால் தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்று ஆசை காட்டப்பட்டதாக மூத்த தலைமுறையினர் கூறுவர். இவ்விரு கதைகளுக்குமிடையே ஒரு வேறுபாடு மனங்கொள்ளத்தக்கது. ஐரிஷ் குடியானவன் தன் கதையைத் தானே தன் அடுப்பங்கரையிலிருந்து சொல்லிக்கொண்டான். நமது கதையோ ஆள்கட்டிய கங்காணி முற்பணத்தோடு சேர்த்துச் சொன்ன கதை. வழிச்செலவும் முற்பணமும் கடனாகி, கடன் 'துண்டு' எனும் சீட்டில் ஏறி, அச்சீட்டு தொழிலாளியைத் தோட்டத்துக்குத் தோட்டம் கைமாற்றியது. 1921இல் சட்டத்தின் மூலம் துண்டு முறை தடைசெய்யப்படும்வரை, தூரின் கீழ்க் கிடைத்தது கடனேயாகும்.

ஐரிஷ் கதையையும் பின்னாளில் வணிகர் கைப்பற்றினர். 1890களில் சான்பிரான்சிஸ்கோவில் சார்ள்ஸ் ஃபே என்பவர் மூன்று சக்கரங்கள் சுழலும் சூதாட்டப் பொறியொன்றை உருவாக்கினார். நூறாண்டு கழித்து அது இணையவழி 'ஸ்லொட்' விளையாட்டாயிற்று. லெப்ரகோன், வானவில், பொற்குடம் ஆகியவற்றைச் சின்னங்களாகக் கொண்ட 'ரெயின்போ ரிச்சஸ்' அவ்வகையில் பெயர்பெற்றது. அதனை ஆக்கியது ஓர் ஐரிஷ் நிறுவனமன்று. பார்கிறெஸ்ற் என்ற பிரித்தானிய நிறுவனமே.

அதில் மேலதிகப் பரிசுக்கான கட்டங்கள் மூன்று. ஒன்றில் செல்வப் பாதையிற் படிப்படியாக முன்னேற வேண்டும். ஒன்றில் கிணறுகளுள் ஒன்றைத் தெரிவுசெய்ய வேண்டும். மற்றொன்றில் பொன், வெள்ளி, வெண்கலக் குடங்கள் சுழன்று நிற்கும். ஆடுபவன் இவற்றை இனாமென்றே எண்ணுவான். கணக்கு வேறுவிதமானது. நீண்டகாலச் சராசரியில் 100 ரூபாப் பந்தயத்துக்குச் சுமார் 95 ரூபா திரும்புமாறு விளையாட்டு அமைக்கப்பட்டுள்ளது. குடமும் கிணறும் பாதையும் தரும் பரிசுகள் அந்த 95க்குள் அடங்கியவையே. சாதாரணச் சுழற்சிகளிற் கொடாது நிறுத்தப்பட்டதே இடையிடையே மணியோசையுடன் 'மேலதிகமாக' வழங்கப்படுகிறது. திரும்பியதை மீண்டும் வைத்தால் 95 சராசரியாக 90 ஆகும்; மறுபடியும் வைத்தால் 86க்கும் கீழே தேயும்.

இக்கணக்கு தோட்டத்துச் சம்பளச் சீட்டைப் படித்தவருக்குப் புதிதன்று. 2016ஆம் ஆண்டுக் கூட்டு ஒப்பந்தத்தில் நாட்சம்பளம் 730 ரூபா என அறிவிக்கப்பட்டது. அதில் அடிப்படைச் சம்பளம் 500 ரூபா மாத்திரமே. வரவுக் கொடுப்பனவு 60, உற்பத்தித்திறன் கொடுப்பனவு 140, விலைப்பங்கு 30. ஊழியர் சேமலாப நிதி அந்த 500 ரூபாவின் மீதே கணிக்கப்பட்டது. கொழுந்து பறித்தல் சூதாட்டமன்று. அது முதுகொடியும் உழைப்பு. எனினும் வரட்சியில் செடி துளிர்க்காதபோதும், மூடிய பனியில் மலையேற இயலாதபோதும், நிர்ணயித்த கிலோவை எட்டாமை பறிப்பவளின் குற்றமாகுமா? உழைப்பவளுக்கு உரிய கூலியின் ஒரு பகுதியைப் பிரித்தெடுத்து, நிபந்தனையோடு கூடிய பரிசாக நீட்டும் முறையிலேதான் தோட்டமும் பொறியும் ஒன்றையொன்று ஒத்திருக்கின்றன.

அட்டன் கடைவீதியில் லொத்தர்ச் சீட்டு வாங்குபவரைப் பேராசைக்காரர் என இகழ்தல் எளிது. 1963ஆம் ஆண்டின் நிதிச் சட்டத்தின்வழி அமைந்த தேசிய லொத்தர் சபையின் மூலம் அரசே அதிர்ஷ்டத்தை விற்றுவருகின்றது. கைப்பேசியோ லயத்து அறைக்குள்ளேயே சூதாட்டத் திடலைக் கொணர வல்லது. 2025இல் பாராளுமன்றம் சூதாட்ட ஒழுங்குபடுத்தல் அதிகாரசபைக்கான சட்டத்தை நிறைவேற்றியது. இணையவழிச் சூதாட்டமும் அதன் வரம்புக்குட்பட்டது. அதே ஆண்டின் இறுதியில் முன்வைக்கப்பட்ட வரவுசெலவுத் திட்டம், தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளத்தை 1350 ரூபாவிலிருந்து 1550 ரூபாவாக உயர்த்த முன்மொழிந்தது. அதன்மேல் இன்னும் 200 ரூபாவும் உண்டு. அதற்கு இடப்பட்ட பெயர் வரவு ஊக்குவிப்புத் தொகை.