சோதனைக் குழாயின் அருகே நின்ற செவிலி

1990-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், சென்னை நுங்கம்பாக்கத்திலுள்ள ஜி.ஜி. மருத்துவமனையில், டாக்டர் கமலா செல்வராஜின் முயற்சியால் தென்னிந்தியாவின் முதல் சோதனைக் குழாய்க் குழந்தை பிறந்தது. இன்று மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு ஆகிய பகுதிகளில் குழந்தைப்பேற்றுச் சிகிச்சைக்கான பெயர்ப் பலகைகளைக் காண்பது அரிதன்று. அவற்றில் மருத்துவரின் பெயர் இருக்கும். செவிலியின் பெயர் இராது. இந்த மறதி இங்கிலாந்தில், முதல் குழந்தையோடேயே தொடங்கிவிட்டது.

லூயிஸ் பிரவுன் என்னும் அக்குழந்தை 1978 ஜூலை 25 அன்று ஓல்டம் நகரில் பிறந்தது. ராபர்ட் எட்வர்ட்ஸ், பாட்ரிக் ஸ்டெப்டோ ஆகிய இருவரின் சாதனை என்றே பலரும் படித்திருப்போம். மூன்றாமவர் ஜீன் பர்டி. செவிலியர் பயிற்சி பெற்ற இவர், 1968-இல் எட்வர்ட்ஸின் ஆய்வுக்கூடத்தில் உதவியாளராகச் சேர்ந்தார். கருமுட்டை முதிரும் வேளையை அறிய, பெண்களின் சிறுநீரைச் சில மணிக்கொருமுறை சேகரித்துச் சோதிக்க வேண்டியிருந்தது. அதில் எல்.எச். என்னும் ஹார்மோன் ஏறத் தொடங்கியதும், நள்ளிரவே ஆனாலும், குறித்த நேரத்தில் அறுவை அறை ஆயத்தமாக வேண்டும். பின்னாளில் லூயிஸாக வளர்ந்த கரு பிளவுபடுவதை முதலில் கண்டவர் பர்டியே.

1969 முதல் 1978 வரை 282 பெண்கள் இம்முயற்சிக்கு உட்பட்டனர். பிறந்த குழந்தைகள் இரண்டே! எஞ்சிய பெண்கள் வெறுங்கையோடு திரும்பினர். அவர்களோடு பேசிப் பழகியவர்களும் செவிலியரே.

ஓல்டம் நினைவுப் பலகையில் பர்டியின் பெயரையும் பொறிக்க வேண்டுமென எட்வர்ட்ஸ் கடிதம் எழுதினார். அதிகாரிகள் செவிசாய்க்கவில்லை. பர்டி 1985-இல், 39 வயதில், புற்றுநோயால் இறந்தார். 2010-இல் எட்வர்ட்ஸுக்கு நோபல் பரிசு கிடைத்தது. இறந்தவர்களுக்கு அப்பரிசு வழங்கப்படுவதில்லை. பர்டியின் பெயரைத் தாங்கிய பலகை 2015-இல்தான் வைக்கப்பட்டது.

சென்னையில் மருத்துவச்சிகளுக்கான பயிற்சிப் பள்ளி 1854-லேயே ஏற்பட்டது. ஆயினும் அப்பயிற்சி பிரசவத்தைச் சுற்றியே அமைந்தது. கருத்தரிக்காத பெண்ணிடம் என்ன பேசுவது என்பது அதில் இல்லை. இன்றைய சிகிச்சையில் கருமுட்டைகளை வளர்க்க ஏறத்தாழ 10 நாள் ஊசி போடுகிறார்கள். முட்டையை எடுப்பதற்குச் சுமார் 36 மணி நேரம் முன்னதாகக் கடைசி ஊசி. அதன் நேரம் தவறினால் அத்தனை நாள் உழைப்பும் வீணாகலாம். கருவைக் கருப்பையில் வைத்தபின் ஏறத்தாழ இரண்டு வாரம் காத்திருந்து இரத்தப் பரிசோதனை. அந்த நாட்களில் தொலைபேசி மணி அடித்துக்கொண்டே இருக்கும். எடுப்பவள் பெரும்பாலும் செவிலி. அவளே கருவுற்றிருந்தால், எதிரே அமர்ந்திருக்கும் பெண்ணுக்கு ஊசி போடுவது இன்னும் சங்கடம்.

வேறொரு தொல்லையும் உண்டு. குழந்தையில்லாத தம்பதியரில் ஏறத்தாழப் பாதிப் பேரிடம் ஆணின் குறையும் காரணமாகிறது. ஆனால் நம் ஊரில் ‘மலடி’ என்ற சொல் புழங்கும் அளவுக்கு ‘மலடன்’ என்ற சொல் புழங்குவதில்லை. வராந்தாவில் மாமியார், “சிஸ்டர், குறை என் மருமகள்கிட்டதானே?” என்று கேட்கிறார். கணவனின் விந்தணுச் சோதனை முடிவு செவிலியின் கையிலிருக்கும் கோப்பில் இருக்கிறது. அதை வெளியிடலாகாது. 2021-ஆம் ஆண்டுச் சட்டமும் இரகசியம் காக்கச் சொல்கிறது. வெற்றி வாய்ப்பை விளக்கும் ஆலோசனையையும் கட்டாயமாக்குகிறது. ஆலோசகருக்குத் தனி அறை உண்டு. என்றாலும் மாமியாரின் கேள்வி வருவது வராந்தாவில், ஊசித் தட்டோடு நடந்துபோகிறவளிடம். “டாக்டரைக் கேளுங்கம்மா” என்பதற்குமேல் அவளால் சொல்ல முடிவதில்லை. மருமகளோ தலைகுனிந்து பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள்.