யூடியூப் வியூஸ் இருந்தா போதுமா? இசைக்குழுவுக்கு விக்கிப்பீடியா பக்கம் கிடைக்க என்னென்ன ஆதாரம் தேவை?

மேடையில் பாடி கைதட்டல் வாங்கியாச்சு. யூடியூப்பில் லட்சக்கணக்கில் வியூஸ், இன்ஸ்டாகிராமில் ஏகப்பட்ட ஃபாலோயர்ஸ். ஆனால் ஆசையாக எழுதிப் போட்ட விக்கிப்பீடியா பக்கம் மட்டும் சில மணி நேரத்தில் காணாமல் போய்விடுகிறது. பல இளம் இசைக்குழுக்கள் சந்திக்கும் பிரச்னை இது. ஏன் இப்படி நடக்கிறது? விரிவாகப் பார்க்கலாம்.

குறிப்பிடத்தக்கமை என்றால் என்ன?

2001 ஜனவரியில் தொடங்கப்பட்ட விக்கிப்பீடியாவில் யார் வேண்டுமானாலும் எழுதலாம். ஆனால் எதைப் பற்றி வேண்டுமானாலும் எழுத முடியாது. ஒரு விஷயம் தனிக் கட்டுரைக்குத் தகுதியானதா என்று பார்க்கும் விதிக்குத்தான் 'குறிப்பிடத்தக்கமை' என்று பெயர். பாட்டு நல்லா இருக்கா, இல்லையா என்பது இங்கே கேள்வியே இல்லை. குழுவோடு சம்பந்தமே இல்லாதவர்கள், நம்பகமான ஊடகங்களில், அந்தக் குழுவைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார்களா என்பதுதான் கேள்வி.

எது செல்லும்? எது செல்லாது?

செல்லும்: நாளிதழ், வார இதழ்களில் வந்த விரிவான கட்டுரை, ஆல்பம் விமர்சனம், இசை பற்றிய புத்தகத்தில் வந்த பகுதி.

செல்லாது: குழுவின் சொந்த இணையதளம், ஃபேஸ்புக் பக்கம், காசு கொடுத்து வெளியிட்ட செய்தி, பத்திரிகைக் குறிப்பை அப்படியே காப்பி அடித்த செய்தி. 'இன்று மாலை 6 மணிக்கு இசை நிகழ்ச்சி' என்ற ஒரு வரி அறிவிப்பும் உதவாது. பேட்டியில் குழுவினர் தங்களைப் பற்றி தாங்களே சொல்வதும் பெரிதாகக் கணக்கில் வராது.

இசைக்குழுவுக்கு தனி விதிகள்

ஆங்கில விக்கிப்பீடியாவில் இசைக் கலைஞர்களுக்காகவே 12 அளவுகோல்கள் இருக்கின்றன. அவற்றில் முக்கியமானவை:

* பாடலோ ஆல்பமோ ஒரு நாட்டின் தேசிய தரவரிசைப் பட்டியலில் இடம்பெற்றிருப்பது
* விற்பனைக்கு 'கோல்டு' சான்றிதழ் பெற்றிருப்பது
* பெரிய நிறுவனம் மூலம் 2 அல்லது அதற்கு மேற்பட்ட ஆல்பங்கள் வெளியிட்டிருப்பது
* கிராமி போன்ற பெரிய விருதை வென்றிருப்பது அல்லது பரிந்துரைக்கப்பட்டிருப்பது
* பெரிய இசைப் போட்டியில் முதல் 3 இடங்களுக்குள் வந்திருப்பது

இதில் ஒன்று இருந்தால் தகுதி பெற வாய்ப்பு உண்டு. ஆனால் அதற்கும் நம்பகமான ஆதாரம் காட்டியே ஆக வேண்டும். தமிழ் விக்கிப்பீடியா உட்பட ஒவ்வொரு மொழிப் பதிப்பும் தனக்கான விதிகளைத் தானே வகுத்துக்கொள்கிறது என்பதையும் மறந்துவிடக் கூடாது.

நம்ம ஊர் உதாரணம்

'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவை எடுத்துக்கொள்வோம். இயக்குநர் பா.ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசைக் கலைஞர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய இந்தக் குழு, 2018 ஜனவரியில் சென்னையில் முதல் நிகழ்ச்சியை நடத்தியது. கானா, ராப், ராக் கலந்த இசையையும், பாடல்களில் பேசிய சாதி எதிர்ப்பு அரசியலையும் பற்றி நாளிதழ்களும் வெளிநாட்டு ஊடகங்களும் விரிவாக எழுதின. வியூஸை விட இந்தக் கட்டுரைகள்தான் விக்கிப்பீடியாவில் ஆதாரமாக நிற்கும்.

வியூஸை ஏன் நம்புவதில்லை?

2018-ல் 'த்ரெட்டின்' என்ற அமெரிக்க ராக் குழு ஐரோப்பிய சுற்றுப்பயணம் கிளம்பியது. இணையத்தில் பார்த்தால் பெரிய ரசிகர் பட்டாளம். அரங்குகளில் பார்த்தால் ஆளே இல்லை. ரசிகர்கள், நிறுவனம், டிக்கெட் விற்பனை எல்லாமே ஜோடிக்கப்பட்டவை என்பது அம்பலமானது. லைக்கும் வியூஸும் காசுக்குக் கிடைக்கும் என்பதால்தான் விக்கிப்பீடியா அவற்றை ஆதாரமாக ஏற்பதில்லை. இதில் வேடிக்கை என்னவென்றால், இந்த மோசடி உலகம் முழுக்க செய்தியானதால், த்ரெட்டினுக்கே இப்போது விக்கிப்பீடியா பக்கம் இருக்கிறது!

பணம் கேட்டால் உஷார்

'இவ்வளவு கொடுங்க, பக்கம் கன்ஃபார்ம்' என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். 2015-ல் ஆங்கில விக்கிப்பீடியா 381 கணக்குகளை மொத்தமாக முடக்கியது. நிராகரிக்கப்பட்ட கட்டுரைகளின் உரிமையாளர்களைத் தேடிப்பிடித்து, பணம் கொடுத்தால் பக்கத்தை வெளியிட்டுப் பாதுகாப்போம் என்று பேரம் பேசியது அந்தக் கும்பல். காசு வாங்கி எழுதுபவர் அதை வெளிப்படையாக அறிவிக்க வேண்டும் என்பது விதி. அப்படியே எழுதினாலும், பக்கம் நீக்கப்படாது என்று யாராலும் உத்தரவாதம் தர முடியாது.

அப்போ என்ன செய்யலாம்?

1. முதலில் ஆதாரங்களைத் திரட்டுங்கள். குழுவைப் பற்றி விரிவாகப் பேசும், ஒன்றோடொன்று தொடர்பில்லாத 3 கட்டுரைகளாவது கையில் இருப்பது நல்லது. அச்சு இதழில் வந்திருந்தால் இதழின் பெயர், தேதி, பக்க எண்ணைக் குறித்து வையுங்கள். இணைய இணைப்பு கட்டாயம் இல்லை.

2. நீங்களே குழுவில் ஒருவர் என்றால் அதை மறைக்க வேண்டாம். நேரடியாகப் பக்கம் போடாமல், வரைவாக எழுதி மற்றவர்களின் மதிப்பாய்வுக்கு அனுப்புங்கள்.

3. 'புகழ்பெற்ற', 'மனதைக் கொள்ளை கொண்ட' போன்ற வார்த்தைகளைத் தவிர்த்து, தகவலை மட்டும் எழுதுங்கள்.

4. நீக்கப் பரிந்துரை வந்தால் கோபப்பட வேண்டாம். ஆங்கிலப் பதிப்பில் இந்த விவாதம் வழக்கமாக 7 நாட்கள் நடக்கும். நண்பர்களைத் திரட்டி வாக்குப் போடச் சொன்னால் பயன் இல்லை. ஒரு நல்ல ஆதாரம் 100 வாக்குக்குச் சமம்.

நிராகரிப்பு என்றால் தோல்வியா?

இல்லை. கனடா இயற்பியலாளர் டோனா ஸ்டிரிக்லண்ட் பற்றிய வரைவு 2018 மே மாதம் போதிய ஆதாரம் இல்லை என்று நிராகரிக்கப்பட்டது. அதே ஆண்டு அக்டோபரில் அவருக்கு நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது! திறமை இருந்தும், அதைப் பற்றி யாரும் எழுதாவிட்டால் விக்கிப்பீடியாவிலும் இடம் கிடைக்காது. நாளிதழ்கள் எட்டிப் பார்க்காத தெருக்களில் பாடும் குழுக்களுக்கு இது கூடுதல் சுமைதான். அதனால் பக்கத்துக்காக அவசரப்படுவதை விட, உங்கள் இசையைப் பற்றி நாலு பேர் எழுத வழி செய்யுங்கள். பக்கம் பின்னாலேயே வரும்.